காலைத் தூக்கிய கார்

எனக்குப் பயம் வந்தால் பொருள் வாங்குவேன். ஐம்பதைத் தாண்டியும் இது திருந்தவில்லை.

போன வருஷம் சென்னைப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாளில், வளைவிலிருந்து வெளியே வரும்போது என் காரின் உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றிக் கத்தியது. கார் தவழ்ந்தது. தாண்டிப் போன ஒருவர் கையசைத்தார். அந்தக் கையசைப்புக்காகவே புது டிஃபரென்ஷியல் வரவழைத்தேன்.

இன்ஜின் தரும் இழுவையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பங்கு போடுவது அதன் வேலை. என் காரில் இருந்த சாதாரண வகை, சும்மா சுற்றும் சக்கரத்துக்கே இழுவையை வாரிவிடும். புதியது அப்படி விடாது என்றார்கள். கப்பலில் எங்கள் தீவுக்கு வந்த பெட்டி, கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னை முறைத்தது. இந்த வருஷத்துத் தட நாளுக்குச் சென்னைக்கு அனுப்ப, திங்கள் காலை காரைத் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். பின்பக்கத்தைப் பிரித்து, ஒரு வாஷர் குறைந்துபோனாலும் அது மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். கப்பலும் போய்விடும், இந்த வருஷத்துத் தடமும் போய்விடும். மாட்டுவதா வேண்டாமா? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் கரண்டிக்கு மேல் இறங்கவில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை மனைவியையும் ஏற்றிக்கொண்டு, வண்டிகள் ஏற்றும் படகில் எதிர்க்கரையிலுள்ள பம்பூஃப்ளாட் போனேன். அங்கே கான்ட்ராக்டர் நண்பனின் கான்கிரீட் முற்றம் காலியாகக் கிடக்கும். வட்டமடித்தேன். சக்கரம் கத்தியது.

"பார்த்தியா, மாட்டியே ஆகணும்!" என்றேன் நண்பனிடம்.

"அரே தோஸ்த், நாளைக்குக் கப்பல். இன்னிக்குப் பிரிச்சா உன் காரை நான் கோழிக்கூடா வச்சுக்குவேன்" என்றான்.

கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "கத்துறது இருக்கட்டுங்க. உங்க காரு நாய் மாதிரி காலைத் தூக்குது."

படத்தைப் பார்த்தேன். வளைவில் பின்சக்கரம் தரையிலேயே இல்லை. தூக்கி வைத்தவன் நான்தான். கடல் வற்றும் நேரத்தில் படகின் சாய்பலகை செங்குத்தாகிவிடும், தாழ்ந்த காரின் வால் அதில் உரசும். அதற்காக எங்கள் ஊரில் செய்வதைப் போலவே பின் ஸ்பிரிங்குகளுக்கு மேல் ரப்பர் கட்டை வைத்து உயர்த்தியிருந்தேன். உயர்ந்த காரில் சக்கரம் கீழே இறங்க மிச்ச இடமில்லை. கார் சாய்ந்தால் அந்தரத்தில் தொங்கும். நான் வாங்கிய புது டிஃபரென்ஷியலும், சக்கரம் முழுக்க அந்தரத்தில் நின்றால் கையை விரித்துவிடும். வருஷம் பூராவும் நான் ஏசியது தப்பான ஆளை.

கட்டைகளைக் கழற்றினோம். மறுபடி வட்டம். சக்கரம் தரையை விடவில்லை. கத்தலும் இல்லை. குதித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் போக வேண்டும். சாயங்காலம், கடல் வற்றியிருந்தது, கட்டைகளை மறுபடி மாட்ட நேரமில்லை. சாலை வழியாகச் சுற்றிப் போனால் இந்தத் தாழ்ந்த வண்டி முதல் பள்ளத்திலேயே குடியேறிவிடும். படகுத் துறையில் சாய்பலகை சுவர்போல் நின்றது. பின்னால் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்தன.

"ஆனே தோ, ஆனே தோ!" என்று படகுக்காரர் வரச்சொல்லிக் கையை ஆட்டினார். மனைவி இறங்கி, பக்கவாட்டில் குனிந்து வாலைப் பார்த்தாள்.

"இடம் இருக்கா?"

"ஒரு விரல் இருக்குங்க."

"எந்த விரல்?"

"சுண்டு விரல்! பேசாம வாங்க."

கிளட்சை மெல்ல விட்டேன். முன்சக்கரம் ஏறியது. பின்னால் கர்ர்ர் என்று ஒரு சத்தம், என் முதுகெலும்பையே உரசியதுபோல. கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவன் மூடக்கூடாது, தெரியும். திறந்தபோது கார் படகில் நின்றது. வாலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. திங்கள் காலை கார் கப்பலேறியது. துறைமுகத்திலிருந்து திரும்பும்போது மனைவி கேட்டாள்: "அங்க மெட்ராஸ்ல இறக்குற இடம் எப்படிங்க, சாய்வா இருக்குமா?"

நான் கைபேசியை எடுத்தேன். மடக்கு சாய்பலகை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். அவள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.