ஒரு ஓமுக்குக் கீழே

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஜவ்வாது மலையில் மோட்டார் எரிந்துபோனால் அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதில்லை. நான் இருக்கிறேன். வாணியம்பாடியில் ஒரு பாயின் ரிப்பேர் கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றப் பழகினேன். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். பாய் எனக்குக் கொடுத்த சொத்து இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட மோட்டார்களுக்கு உயிர் கொடுத்தேன், சாமைக்கு உமி நீக்கும் மில்லும் சொந்தமாகப் போட்டேன். கம்பியைக் கவ்விக் கரண்டையும், முனை வைத்து வோல்ட்டையும் அளக்கிற டாங் டெஸ்டர் இந்த மலையில் முதலில் என் கையில்தான் இருந்தது.

மில் வீட்டுக்குப் பின்புறம். மீட்டர் பெட்டி முன்பக்கச் சுவரில். இரண்டுக்கும் நடுவே ஒயர் எங்கள் புல் கூரைக்குள்ளேயே உத்திரத்தை ஒட்டி ஓடியது. துண்டு ஒயர்களை முறுக்கி முறுக்கி நானே இணைத்தது. டேப் சுற்றினால் அடுப்புப் புகைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் சீக்கிரமே பிரிந்து தொங்கும். அதனால் தேன்மெழுகை உருக்கி, துணியைத் தோய்த்து, முறுக்கின் மேல் சுற்றினேன். மெழுகுக்கு எங்கள் மலையில் என்ன பஞ்சம்? ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது. என்ஜினியருக்குக்கூடத் தோன்றாத யோசனை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள், அந்த உத்திரத்தில்தான் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தாள்.

அன்று காலை மில் ஓடிக்கொண்டிருந்தது. சாமை மூட்டையோடு வந்த என் மச்சினன், மனைவியின் தம்பி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்னைச் சீண்டினான்.

"இன்னா மாமா, மில்லு முக்குது. வயசாய்ட்ச்சா? உனக்கா, அதுக்கா?"

"லைன்ல வோல்ட் இல்லடா. கடைசிக் கம்பம் நம்மள்து. வந்து சேர்றதுக்குள்ள கீழ இருக்கறவன்லாம் குடிச்சிட்றான்."

மோட்டாரில் டாங் டெஸ்டரை வைத்துக் காட்டினேன். இருநூற்றாறு வோல்ட், பன்னிரண்டு ஆம்பியர். எப்போதும் இப்படித்தான். இங்கே அளப்பேன், மின்வாரியத்தைத் திட்டுவேன்.

அப்போது மனைவி வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் காய்ந்த புல்லும் பச்சைத் தழையும் சேர்த்துக் கட்டிய பந்தம், மறு கையில் தீப்பெட்டி.

"இன்னாங்க, கூரைல தேன் கட்டிக்கீது. தூளித் துணியில மெழுகு சொட்டுது. கொழந்தய கொட்றதுக்குள்ள வந்து பொக போடுங்க."

எங்கள் ஊரில் மெழுகு சொட்டினால் யாருக்கும் தேனடை நினைவுதான் வரும். எனக்கும் அதுவே வந்தது. உள்ளே போனேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். தூளித் துணியில் மஞ்சளாக இரண்டு சொட்டு.

"நைனா, தொட்டுப் பாரு. சூடாக் கீது," என்றாள்.

தேனடை சூடாகச் சொட்டாது. ஏணியை வைத்து ஏறினேன். மேலே தேனீ இல்லை. என் முறுக்குதான் இருந்தது. மெழுகு ஓடிப்போய் வெறும் துணி கருகித் தெரிந்தது. அதற்கு மேலிருந்த கூரைப்புல் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. விரல் பட்டதும் பொடிப்பொடியாய்க் கொட்டியது. கீழே மனைவி தீக்குச்சியை உரசப் போனாள்.

"பத்த வெக்காதே." மேலிருந்தே கத்தினேன்.

மகளைக் குழந்தையோடு வெளியே அனுப்பினேன். மனைவியைக் குடத்துத் தண்ணீரோடு ஏணிக்கடியில் நிறுத்தினேன். மில்லை உடனே நிறுத்தவில்லை, நிறுத்திவிட்டால் எதையும் அளக்க முடியாது. முன்பக்கம் ஓடி மீட்டர் பெட்டியில் அளந்தேன். இருநூற்று இருபத்தாறு. என் டெஸ்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி வைத்தேன். அதே இருநூற்று இருபத்தாறு. இருபது வோல்ட்டை யாரும் கீழே குடிக்கவில்லை. என் வீட்டுக் கூரைக்குள்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

திரும்ப ஏறி, முறுக்குக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்தேன். இந்த ஒரு முறுக்கில் மட்டும் எட்டு வோல்ட். எட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் தொண்ணூற்றாறு வாட். நூறு வாட் குண்டு பல்பின் சூடு, என் கட்டைவிரல் அளவு முடிச்சில், பேத்தியின் தலைக்கு நேர் மேலே. வகுத்துப் பார்த்தேன். முக்கால் ஓம்கூட வரவில்லை. ஒரு ஓமுக்குக் கீழே இருந்தால் அது கம்பிக்குச் சமம், கவலைப்படாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஏணியிலிருந்து இறங்கி முன்பக்கம் ஓடினேன். மெயினை இறக்கினேன். மில் அடங்கியது.

மனைவி என்னையும் கூரையையும் பார்த்தாள். "நெஜமான தேனீ கொட்டிட்டுப் போய்டும். உங்க தேனீ வூட்டையே கொளுத்தியிருக்கும்."

"டேப்பா இருந்தா சொட்டியிருக்காதுடி. எரிஞ்சப்புறந்தான் தெரியும்."

"அப்ப மெழுகுக்கு மால போடுங்க."

மச்சினன் சிரிக்கவில்லை. உமி போகாத சாமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

அடிவாரத்துச் சந்தவாசலுக்கு இறங்கி, முறுக்கே இல்லாத ஒரே நீள ஒயர் வாங்கி வந்தேன், கனமான ஒயராக. கூரைப் பக்கமே போகாமல் வெளியே கம்பம் நட்டு இழுத்தேன். மகள் அதுவரை பக்கத்து வீட்டில்தான் குழந்தையைத் தூங்க வைத்தாள். வேலை முடிந்ததும் கூப்பிட்டேன். வரவில்லை.

"என் கண்ணு முன்னால அள," என்றாள்.

மில்லை ஓட்டி, இரண்டு பக்கமும் அளந்து காட்டினேன். கழித்தல் அவள் போட்டாள். இரண்டு வோல்ட். ஆம்பியரும் பதினொன்றாகக் குறைந்திருந்தது. பெருமையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு பதினொண்ணு இருவத்திரெண்டு வாட்டு. அது எங்க நைனா போவுது?"

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஒயரு நீட்டுக்கும் பரவிடுது. ஒரு எடத்துல நிக்காது."

அவள் நம்பவில்லை. மில் ஓட ஓட, ஒயரின் ரப்பர் மேல் கை வைத்துக்கொண்டே முன்பக்கத்திலிருந்து மில் வரைக்கும் நடந்தாள். எங்கும் சூடில்லை. உள்ளே போய்த் தூளியைக் கட்டினாள், அந்த உத்திரத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில். கட்டி முடித்தும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.