வரமாட்டார்கள் என்று சொன்னவள்

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அவள் கிளி. நட்பு நாட்டுப் படை முகாமின் வாசலுக்கு எதிரே அவளுடைய அப்பா தையல் கடை வைத்திருந்தார். கால்சட்டையின் நீளம் குறைக்க, தோளில் பட்டை தைக்க என்று அந்த நாட்டுச் சிப்பாய்கள் அங்கேதான் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கிளி கடைக்கு வந்து, சட்டையில் தைக்க வேண்டிய பெயர்த் துணிகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பாள். அப்படியே அந்த மொழி அவளிடம் ஒட்டிக்கொண்டது. அவர்கள் சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதை அவர்களுக்கும் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லிச் சொல்லி, பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

கிளியின் நாட்டுக்கென்றும் ஒரு படை இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய வண்டிகள், நட்பு நாடு கழித்துப்போட்ட துப்பாக்கிகள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அணிவகுப்பு முடிந்துவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தப் படையில் சார்ஜென்ட்டாக இருந்த ஒருவரைத்தான் கிளி பிடிவாதம் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள்.

மாமனாரும் மருமகனும் மற்ற விஷயங்களில் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். இந்த ஒரு பேச்சு வந்தால் மட்டும் தட்டில் சாப்பாடு ஆறிப்போகும்.

"நமக்கு எதுக்கு மாப்பிள்ளை பட்டாளம்? அவங்கதான் இருக்காங்களே. அந்தக் காசுல ஆஸ்பத்திரி கட்டலாம், ரோடு போடலாம். எவனோ காவல் காக்குறான், நாம காலை நீட்டித் தூங்குறோம். இதுல என்ன குறை கண்டீங்க?"

"நமக்காகவா காக்குறாங்க மாமா? அவங்களுக்கு முகாம் போட்டிருக்குற இந்தக் குன்று வேணும், அதனால இருக்காங்க. வேணாம்னு ஆயிட்டா?"

"அன்னிக்குப் பார்த்துக்கலாம்."

"அன்னிக்குப் பார்க்க நம்ம கையில என்ன இருக்கும்?"

கிளி வாய் திறக்க மாட்டாள். பகல் முழுக்க இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே வேலையா என்று இருக்கும்.

அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை, குன்றின் மேல் இரு நாட்டுப் படைகளும் கூடிப் பேசும் தொடர்பு அலுவலகத்தில். நீளமான ஒரு மேசை. ஒரு பக்கம் நட்பு நாட்டு மேஜர், எதிர்ப்பக்கம் உள்ளூர்க் கேப்டன், இரண்டுக்கும் நடுவே மேசையின் தலைமாட்டில் கிளி. மேஜர் பக்கத்து நாற்காலிகள் சுழலும், கேப்டன் பக்கத்து நாற்காலிகள் ஆடும். சுவரில் ஒரு வரைபடம். அதில் எல்லை ஆறும், ஆற்றின் மேல் ஒரே பாலமும், பாலத்தை ஒட்டிய கிராமமும் இருந்த இடம் பலர் விரல் வைத்து வைத்துக் கறுத்திருந்தது. மேஜர் தங்கமான மனிதர். கிளியின் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். பக்கத்து நாட்டான் ஒருவன் ஆற்றைத் தாண்டிக் கால் வைத்தாலும் போதும், உடனே எங்கள் விமானங்கள் கிளம்பும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கிளியும் அதைக் கேப்டனுக்குச் சொல்வாள்.

பக்கத்து நாட்டுப் படை ஆற்றங்கரைக்கு வந்த காலையில் நல்ல வெயில். பாலத்தில் அன்று காவலுக்கு இருந்தது அவள் கணவரின் பிரிவு. கிளி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கேப்டனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேஜர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக, தெளிவாகப் பேசினார். கிளி திருப்பிச் சொன்னாள்.

"அவங்க தலைநகரத்துல இருந்து உத்தரவு இன்னும் வரலையாம். ஆலோசனை நடக்குதாம்."

"எப்ப வரும்னு கேளும்மா."

கேட்டாள். "சொல்ல முடியாதாம். நம்ம ஆட்களை உறுதியா நிக்கச் சொல்றார்."

"எதை வச்சுக்கிட்டு நிக்குறதுன்னு கேளு."

அதையும் கேட்டாள். மேஜர் எப்போதும் அவள் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். அன்று மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, முதலில் சொன்னதையே மறுபடி சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியே முகாமின் திடல் தெரிந்தது. விமானங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் போர்த்தியிருந்த துணியை ஒருவரும் எடுத்திருக்கவில்லை. பக்கத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

பாலத்திலிருந்து அழைப்பு வந்தது. கேப்டன் எடுத்தார். மறுமுனையில் பேசிய குரல் அறைக்கே கேட்டது. அது அவள் கணவரின் குரல்.

"லெப்டினன்ட் விழுந்துட்டார் சார். நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவங்க கிளம்பிட்டாங்களா?"

கேப்டன் ரிசீவரைக் கிளியிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா. மேஜர் சொன்னதைச் சொல்லு."

"இன்னும் கிளம்பலை," என்றாள் கிளி.

"எப்பக் கிளம்புவாங்க?"

உத்தரவு இன்னும் வரவில்லை என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் அவர் நிற்பார், தன் ஆட்களையும் நிற்க வைப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"வரமாட்டாங்க," என்றாள். "இன்னிக்கு வரமாட்டாங்க."

"இது மேஜர் சொன்னதா, நீ சொல்றதா?"

"நான் சொல்றேன்."

கேப்டன் அவளை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு ரிசீவரை வாங்கி, கிராமத்து மக்களைக் கூட்டிக்கொண்டு பின்வாங்கும்படி உத்தரவிட்டார். என்ன நடந்தது என்று மேஜர் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக கிளி மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் பாலமும் கிராமமும் கைமாறிவிட்டன. மறுநாள் மதியம் உத்தரவு வந்தது. துணிகள் உரிந்தன, விமானங்கள் பறந்தன, எதிரிப் படை நின்ற இடத்தில் அப்படியே நின்றது. பிறகு சண்டை நிறுத்தம். கிராமம் எதிரி நின்ற பக்கம் போயிற்று.

ஊர் இரண்டுபட்டது. ஒரே ஒரு பகல் தாக்குப்பிடித்திருந்தால் கிராமம் மிஞ்சியிருக்கும் என்றார்கள் சிலர். புருஷனைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைக் கைவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஒரு பகல் தாக்குப்பிடிக்க அங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள் வேறு சிலர். விசாரணை வைத்தார்கள்.

"அந்த அதிகாரி வரமாட்டோம்னு சொன்னாரா?"

"சொல்லலைங்க."

"அப்புறம் நீங்க ஏன் சொன்னீங்க?"

"விமானத்து மேல போட்ட துணியை யாரும் எடுக்கலைங்க. அதையும் சேர்த்துச் சொன்னேன்."

மொழிபெயர்ப்பில் தவறு என்று முடிவாகி வேலை போயிற்று. மேஜர் ஒருநாள் தையல் கடைக்கு வந்தார். தைக்க எதுவும் கொண்டுவரவில்லை. மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், போகும்போது கிளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நல்லவர் என்பதில் அவளுக்கு அப்போதும் சந்தேகம் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கணவர் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும் சில நாள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிராமத்திலிருந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் கிளியைத் தேடி வந்தாள். ஆற்றங்கரையில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உன்னை நல்லா நாலு கேள்வி கேட்கணும்னுதான் வந்தேன்," என்றாள். "கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிடக்கூட நேரமில்ல."

கிளி வாசல்படி இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் பையனும் அன்னிக்குப் பாலத்துலதான் இருந்தான். இப்ப பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல படுத்துக் குறட்டை விடுறான். அவனைப் பார்த்தா உன்னைத் திட்ட வாய் வரலை. மாட்டை நினைச்சா வாழ்த்தவும் வரலை." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குடிக்கத் தண்ணி குடு. போறேன்."

அடுத்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. இனி நட்பு நாட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது, நமக்கென்று ஒழுங்கான படை வேண்டும், அதற்காக வரி கூடும், படிப்பு முடித்த ஆணும் பெண்ணும் இரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும் என்றது சட்டம். வேண்டுமா வேண்டாமா என்று மக்களே வாக்குப் போட வேண்டும். கிளியின் மகள் அந்த வருடம்தான் படிப்பை முடித்திருந்தாள்.

"நீ எப்படிம்மா போடப்போற, வேணும்னா வேணாம்னா?" என்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வேணும்னுதான்."

"நான் போகணும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தாத்தா வேணாம்னு போடுறாராம். எனக்காகன்னு சொன்னார்."

"தாத்தாவை விட எனக்கு உன்மேல பாசம் குறைச்சலா?" என்றாள் கிளி. "அந்த ரூம்ல இன்னொருத்தர் வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டி. உங்கப்பா இருக்கணுமா சாகணுமான்னு, அவரைப் பார்த்தே இராத எவனோ எங்கேயோ உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தான். நீயும் ஒருநாள் அப்படி உட்கார வேணாம்."

"அப்ப பாலத்துல மட்டும் நிக்கலாமா?"

கேட்டது கோபத்தில் அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மகள் மடித்த துணியைக் கிளி எடுத்து மறுபடி மடித்தாள்.

வாக்குச்சாவடியிலிருந்து கணவரும் அவளும் ஒன்றாக நடந்து வந்தார்கள். பாதி வழியில் அவர் நின்றார்.

"நான் வேணாம்னு போட்டுட்டேன்," என்றார்.

கிளியும் நின்றாள். "நீங்களா? கல்யாணமான நாள்ல இருந்து இதைத்தானே பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"பேசினேன். அப்ப எதிர்ல எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாம பேசினேன். நம்ம பிள்ளைங்க எல்லாரையும் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவனுக்கு அது ஒரு மூலைக்குக் காணாது. அதை நான் கண்ணால பார்த்தேன். இன்னொருத்தர் தயவுல இருக்குறது அவமானம்தான். ஆனா அந்த ஆத்துக்கு முன்னாடி இவளைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரலை."

"எனக்கு மட்டும் வருதா?"

"வராமதான் போட்டிருக்க. தெரியும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாலத்திலிருந்து திரும்பிய பிறகு அப்படி நடந்தது அன்றுதான்.

சட்டம் மயிரிழையில் நிறைவேறியது. புதிய துப்பாக்கிகள் வந்தன. கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் தூண்களோடு நின்றது. கிளியின் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். "என் கண்ணைப் பிடுங்கி அவங்க துப்பாக்கிக்கு வச்சுட்டாங்க, குறி தப்பாம இருக்கட்டும்," என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். நட்பு நாட்டு முகாமில் பாதிப் பேர் ஊர் திரும்பினார்கள், பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களோடு பேசப் புதுப் படைக்கும் ஆள் வேண்டியிருந்தது. கேப்டன் சொல்லி கிளியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இளம் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் வேலை. கிளி வேலையில் சேர்ந்தாள்.

மகள் பட்டாளத்துக்குக் கிளம்பிய காலையில் வண்டிகள் கடைத்தெரு வழியாகத்தான் போயின. கிளி அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். கணவர் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"எந்த வண்டிம்மா?"

"இப்ப வருதே, இதுதான்ப்பா."

அப்பா இரைச்சல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நம்மளைப் பார்க்குறாளா?"

"இல்லப்பா. பக்கத்துல ஒரு பொண்ணு என்னமோ சொல்லுது. அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கா."

"சிரிக்கட்டும்," என்றார் அப்பா. வண்டிகள் திருப்பத்தில் மறைந்து, இரைச்சல் ஓயும்வரை கையை அசைத்துக்கொண்டே இருந்தார். கிளி அவர் கையை இறக்கிவிடவில்லை.