கமாவின் சோலோ

சைரன் பேண்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. ஒத்திகையின் நடுவில், பாட்டின் நடுவில், ஏறக்குறைய ஒரு ஸ்வரத்தின் நடுவிலேயே போனான். போன் அடித்தது. எடுத்துப் பேசினான். "கப்பல்ல வேலை கிடைச்சிருச்சு" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடி, மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினான். அந்தச் சீட்டிகூடச் சுதி சுத்தமாக இருந்தது என்பதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

சைரன் அவன் பட்டப்பெயர். உச்சத்தில் அவன் ஊதினால் கீழே தெருவில் வண்டிகள் ஒதுங்கி வழிவிடும் என்று பேண்டில் ஒரு பெருமை உண்டு. செருப்புக் கடைக்கு மேல்மாடியில்தான் ஒத்திகை. முன்னால் சாக்ஸபோன் வரிசை, அதன் பின்னால் ட்ராம்போன் வரிசை, அதற்கும் பின்னால் நின்றபடி நான்கு ட்ரம்பெட். குச்சியை ஆட்டி எல்லோரையும் மேய்ப்பவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க "வாயைத் திறங்க" என்பவர், வியாழக்கிழமை மட்டும் "வாயை மூடுங்க" என்பார்.

அந்த நான்கு ட்ரம்பெட்டில் நாலாவது என் சித்தப்பா. தொழில் லிஃப்ட் மெக்கானிக். நாலாவது ட்ரம்பெட் என்பது, மற்ற மூன்று பேர் மேலே ஏறிக் கூவும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வேலை. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாத குடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார், நடுவில் மட்டும் எட்டிப்பார்ப்பார் என்பதால் பேண்டில் அவருக்குப் பெயர் கமா.

சித்தி பகலில் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. மாலையில் அந்தப் பேண்டின் பியானோ. எந்தக் கருவி எப்போது என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதுபவளும் அவள்தான். அந்த வருடம் பெட்ரோல் பங்கிலிருந்து டாக்டரின் காத்திருப்பு அறை வரைக்கும் ஒரே பாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை, ட்ரம்பெட் ஒன்று தனியாக ஊதும் சோலோவோடு பேண்டுக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். "மொத்தப் பாட்டுக்கும் நாலே நாலு ஸ்வரக் கூட்டு. அதுல ரெண்டு சும்மா துணைக்கு வந்தது" என்று திட்டிக்கொண்டே எழுதி முடித்திருந்தாள். எல்லாம் சைரனுக்கு அளவெடுத்தது. அடுத்த மாதக் கடைசியில் பூங்கா மேடையில் கச்சேரி.

"வெளியாள் யாரையாவது கூப்பிடலாம்" என்றார் டாக்டர்.

"நான் ஊதறேன்" என்றார் சித்தப்பா.

ஒத்திகையில் அவர் குரலையே கேட்டிராத சிலர் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்கள். ட்ராம்போன் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது: "டேய், கமா முற்றுப்புள்ளி ஆகப் பார்க்குதுடா!" அறையே சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. சித்தப்பா காது சிவந்து நின்றார்.

"மூணு வாரம் பார்ப்போம். சரியா வரலேன்னா வெளியாள்தான்" என்றார் டாக்டர்.

நான் அப்போது ஊர் சுற்றி முடித்து, அடுத்து எங்கே என்று தெரியாமல், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தேன். சோற்றுக்குக் கைம்மாறாக, சித்தி எழுதுவதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாளில் பிரதியெடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே நடந்த கூத்து முழுவதற்கும் நானே சாட்சி.

அன்றிரவே சித்தப்பா சைரனின் பகுதியை ஊதிப் பார்த்தார். மேல்மாடிக்குப் புறப்பட்ட லிஃப்ட் வழியில் மனசு மாறியதுபோல இருந்தது.

"ஏங்க, மேல் வீட்டுக்காரங்க இப்பத்தான் நம்மகிட்ட பேச ஆரம்பிச்சாங்க" என்றாள் சித்தி. "இதை நான் மாத்தி எழுதறேன்."

"ஒரு ஸ்வரம்கூட மாத்தாதே. எனக்குன்னா கொறச்சு எழுதுவே."

"சைரன் சட்டையை உங்களுக்குப் போட்டா பட்டன் பூட்டுமா? கொறைக்கல. வேற தைக்கறேன்."

"நல்லா தைச்சே, போ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தி எதிரே பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். குட்டையாக இரண்டு இழுப்பு, நீளமாக ஒன்று, பிறகு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஓர் இடைவெளி. அவள் தாளில் குறித்துக்கொண்டாள்.

"சித்தி, குறட்டையையா எழுதறீங்க?"

"வேற எதைடி எழுதச் சொல்றே? இந்த மனுஷனுக்குள்ள எவ்வளவு காத்து இருக்குன்னு இவரைவிட எனக்குத்தான் தெரியும்."

பாட்டையே கீழே இறக்கினாள். அவர் உதடு தாங்கும் உயரத்துக்கு மேல் ஒரு ஸ்வரமும் இல்லை. ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பல்லவியைப் பிடுங்கி ட்ராம்போன்களிடம் கொடுத்தாள். கருவியின் வாயை அடைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வம்பு பேசுகிறவர்கள்போல அவர்கள் முணுமுணுக்க வேண்டும். ட்ரம்பெட்டுக்கு இரண்டு சின்னச் சொல், ஒரு நீளச் சொல், அப்புறம் மௌனம். கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாமே நின்றுவிடும். அந்த இடத்தில் ஓர் அரைவட்டம் போட்டு அதற்குள் ஒரு புள்ளி வைத்தாள். பார்க்கக் கண் மாதிரி இருக்கும், வாசிப்பவர்களும் அதைக் கண் என்றுதான் சொல்வார்கள். சோலோ வாசிப்பவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது தொடங்கலாம். அதுவரை உலகம் காத்திருக்க வேண்டும்.

சித்தப்பா தாளைப் பார்த்தார். "இது சோலோவா, இல்ல சும்மா இருக்கச் சொல்லி உத்தரவா? பாதிக்குப் பாதி ஊதவே வேண்டாம்னு போட்டிருக்கே!"

"இத்தனை வருஷம் பின்னாடி நின்னு சும்மாதானே இருந்தீங்க? அப்ப வராத கோபம் இப்ப மட்டும் எங்கேருந்து வருது?"

"அங்க நான் சும்மா இருக்கறது யாருக்கும் தெரியாது. இங்க எல்லாரும் பார்ப்பாங்கல்ல!"

"பார்க்கட்டும்னுதானே எழுதியிருக்கேன்!"

இரண்டு நாள் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமானால் என் மூலமாகக் கேட்டார்கள்.

ஒத்திகையில் அந்தக் கண்தான் தகராறு. அந்த இடம் வந்ததும் சித்தப்பா டாக்டரைப் பார்ப்பார், டாக்டர் தலையாட்டுவார், சித்தப்பா ஊதுவார். நாலாவது ட்ரம்பெட் ஜென்மத்தில் தானாக எதையும் தொடங்கியதில்லை. சித்தி பியானோவிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "டாக்டர், நீங்க தலையாட்டாதீங்க. அவரா ஆரம்பிக்கட்டும். அப்புறம் நீங்க வாங்க."

"நான் தலையாட்டலேன்னா அவர் நாளைக்குத்தான் ஆரம்பிப்பார், மேடம்."

"நாளைக்கே ஆரம்பிக்கட்டும்!"

மூன்று வாரம் முடிந்தது. சரியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியாள் கிடைக்கவில்லை என்பது தெரியும்.

கச்சேரியன்று பூங்காவில் நல்ல கூட்டம். அந்தப் பாட்டு தொடங்கியதும் பிள்ளைகள் கூடவே பாடப் பார்த்து, பல்லவி வர வேண்டிய இடத்தில் ட்ராம்போன்களின் வம்பு பேச்சு வந்ததால் குழம்பி வாயை மூடிக்கொண்டார்கள். சித்தப்பா முன்னால் வந்து நின்றார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. மௌனம். யாரும் எதிர்பாராத விதமாக, நன்றாகவே இருந்தது. அப்புறம் கண் வந்தது.

எல்லாம் நின்றது. சித்தப்பா டாக்டரைப் பார்த்தார். சொன்ன பேச்சு கேட்கும் டாக்டர் தலையை அசைக்காமல் சித்தப்பாவைப் பார்த்தார். இவர் உத்தரவுக்கு அவரும், அவர் உத்தரவுக்கு இவரும் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை தும்மியது. டிரம்ஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார். ட்ராம்போன் வரிசை தரையில் எதையோ தேட ஆரம்பித்தது. டாக்டரின் நெற்றியில் வேர்வை. கடைசியில் அவர் தாங்க முடியாமல், டிரம்ஸை உள்ளே விட்டு மானத்தைக் காப்பாற்றலாம் என்று கையைத் தூக்கினார்.

"கையை இறக்குங்க, டாக்டர்!"

சித்தியின் புகார்ப் பிரிவுக் குரல் அது, பூங்கா முழுக்கக் கேட்டது. டாக்டர் இறக்கினார். கூட்டம் சிரித்தது. கச்சேரியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். இனி தன்னைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை என்று அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அடங்கிய பிறகும் கொஞ்சம் நின்றார். அந்தக் கொஞ்சம் எந்தத் தாளிலும் இல்லாதது. பிறகு, எழுதியிருந்ததைவிட மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பதுபோலத் தொடங்கினார். முதல் ஸ்வரம் லேசாக விரிசல் விட்டது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். அவருக்குக் கீழே ஒலிக்க வேண்டுமே என்று மொத்தப் பேண்டும் குனிந்து வாசித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கைத்தட்டலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "டாக்டர் என்னையே பார்த்துட்டு நின்னார்."

"நீங்க அவரையே பார்த்துட்டு நின்னீங்க."

"யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

"அந்த ஒருத்தர் நீங்கதான்னு ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன். காது யாருக்கு?"

அடுத்த வாரம் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். போகிற இடங்களிலெல்லாம் கதை சொல்லும்போது, இனி சித்தப்பாதான் அந்தப் பேண்டின் சோலோ என்று நானாகவே முடிவும் சேர்த்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, வேறொரு ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வாழ்நாளில் எனக்கு அவர் அனுப்பிய ஒரே செய்தி:

"இந்தத் தடவையும் என்னைத்தான் சோலோ ஊதச் சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். பின்னாடி நிக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கேட்டாங்கம்மா. டாக்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். யோசிச்சுச் சொல்றேன்னு ஒரு வாரம் காக்க வெச்சேன்."