ராசம்மாவின் பெயரைப் பாதியில் விட்ட கணினி

நான் தனுஷிகாவுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். யாருக்கும் ஐந்து சதம் பாக்கி வைக்காதவன் என்று பொகவந்தலாவை பஜாரில் பெயரெடுத்த சின்னத்தம்பி, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆறு வாரம் கடன்காரனாக இருந்தேன். பணம் இல்லாமல் அல்ல. அது என்னிடம் எப்போதும் இருக்கும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தேயிலைக் கொழுந்து சாக்கைத் தோளில் தூக்கி லொறியில் ஏற்றத் தொடங்கியவன், இன்று இரண்டு லொறிக்கும் ஒரு கடைக்கும் சொந்தக்காரன். தோட்டம் பிரித்துக் கொடுத்த தேயிலைத் துண்டுகளில் நம் ஆட்கள் பறிக்கும் கொழுந்தை நிறுத்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது என் தொழில். எழுபது பேரின் நிறையை மாதக்கணக்கில் மனத்திலேயே வைத்திருந்தவன் நான். அப்படிப்பட்டவன் கணினி வாங்கினேன் என்றால், தொழிற்சாலைக் கிளாக்கர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்ததுதான் காரணம்.

அந்தக் கணினிக்குப் புரோகிராம் எழுதியவள்தான் தனுஷிகா. தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கில், லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. தாய் நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். பள்ளியில் உயர்தரப் பரீட்சை முடித்ததும் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் சேலை மடித்தாள். பகலில் சேலை, மற்ற நேரமெல்லாம் போனில் புரோகிராம் படிப்பு. பிறகு பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். லயத்தில் சிக்னல் கிடையாது என்பதால், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில் குடையோடு உட்கார்ந்துதான் வேலை. மழை பெய்தால் குடை கணினிக்கு.

தாய் அவளுக்குத் தவணை கொடுத்திருந்தார். தீபாவளிக்குள் இந்த வேலையில் உருப்படியாகக் காசு வரவேண்டும், இல்லையென்றால் திரும்பவும் துணிக்கடை. எண்பதாயிரத்துக்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்திருந்தேன். அது மடிக்கணினிக் கடனுக்கே போய்விட்டது. மீதி, ஒரு மாதம் புரோகிராம் ஒழுங்காக ஓடிய பிறகு.

ஓடத்தான் செய்தது. சாக்கைத் தராசில் வைத்தால் பெயரும் நிறையும் ஏறும். கடைசி ஆள் போனதும் ஒரு பொத்தானை அமுக்குவேன். பட்டியல் பென் டிரைவுக்குப் போகும். திரையில் பச்சையாக ‘முடிந்தது’ என்று வரும். லொறி டிரைவர் பிரதாப் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் பறப்பான்.

மாதக் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து சம்பளச் சிட்டை வந்தது. கூடவே மேல்கணக்கில் கொழுந்து பறிக்கும் ராசம்மாவும் வந்தார்.

"தம்பி, ஒங்க பொட்டி என் கொழுந்த மட்டும் ஏன் திங்குது?"

"என்னாக்கா சொல்றீங்க?"

"மூணு நாளு காணோம். நாப்பத்தொரு கிலோ."

சுருக்குப்பையை அவிழ்த்து, நான் கைப்பட எழுதிக் கொடுக்கும் நிறைத் துண்டுகளை மேசையில் வைத்தார். மூன்றும் சரி. அவருக்குப் பின்னால் மேல்கணக்கு ஆட்கள் எட்டுப் பேர் அதே முறைப்பாட்டோடு நின்றார்கள். மேலிருந்து இறங்கி வருவதால் தினமும் கடைசியாக நிறுப்பவர்கள் இவர்கள்தான்.

தனுஷிகாவுக்குப் போன் போட்டேன். "ஒன் புரோகிராம் ஆளுங்க வயித்துல அடிக்குது பிள்ள. மீதிக் காசு ஒரு சதம் கெடையாது."

"காச விடுங்க மொதலாளி. யாரு யாருக்குக் கொறையுது?" என்றாள். அரை மணி நேரத்தில் நனைந்தபடி கடையில் நின்றாள்.

இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கொழுந்து குறைவு, நாற்பது பேர்கூட இல்லை. ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் நாள் வெயிலும் மழையும் கலந்து கொழுந்து அள்ளிக்கொண்டு வந்தது. எழுபது பேர். ராசம்மா கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தராசில் வைத்த சாக்கின் வாயை விடமாட்டார். நான் நிறையைச் சொல்லவேண்டும், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், நான் ‘ஆமா’ என்ற பிறகுதான் கை விலகும். கிலோவைக் குறைத்து எழுதிய எத்தனையோ கணக்கப்பிள்ளைமாரைப் பார்த்த கை அது.

"பதினாலு, அக்கா."

"பதினாலா?"

"ஆமா."

கை விலகியது. ராசம்மா போகாமல் ஓரமாக நிற்க, கடைசி ஆளும் நிறுத்து முடித்ததும் பொத்தானை அமுக்கினேன். ‘முடிந்தது.’ பிரதாப் கையை நீட்டினான்.

"அண்ணே, நில்லுங்க," என்றாள் தனுஷிகா.

"பெக்டரி கேட்ட மூடிருவாங்க தங்கச்சி."

"ரெண்டே நிமிசம்."

டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகிப் பட்டியலைத் திறந்தாள். பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் ‘ராச’ என்று இருந்தது. பக்கத்தில் எழுத்து உடைந்ததுபோல ஒரு கறுப்புக் கட்டம். அதற்குப் பிறகு ஆளே இல்லை.

அவள் நெற்றியில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"இதுல வேற என்னாங்க இருக்கு? டிரைவுல எடமே இல்லையே."

பிரதாப் கூரையைப் பார்த்தான். "கோயில் திருவிழாவுல மொதலாளிக்கு மால போட்டாங்கல்ல, அந்த வீடியோ. கிளாக்கருக்குக் காட்டச் சொன்னாரு."

"அவ்ளோ பெருசா?"

"மால போட்டது அஞ்சு நிமிசம். பெறகு மொதலாளி பேசுனாரு."

நல்ல படம் அது. கிளாக்கர் இரண்டு தரம் பார்த்தாராம். இருந்தாலும் கேட்டுவிட்டேன். "அப்ப தப்பு என்னுதா பிள்ள?"

"இல்லீங்க, என்னுது," என்றாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். புரோகிராம் ஒவ்வொரு பெயரையும் உடனே டிரைவில் எழுதுவதில்லை. கூடையில் சேர்த்துவைத்து, நிறைந்ததும், ஒரு பெயர் பாதியில் இருந்தாலும் கொட்டும். கூடையின் அடியில் மிஞ்சியதைப் பட்டியலை மூடும்போது கொட்டும். குறைவான நாளில் ஒரே கூடை, அதற்கு இடம் இருந்தது. எழுபது பேர் வந்த நாளில் முதல் கூடை விழுந்தது. மூடும்போது இரண்டாம் கூடைக்கு இடமில்லை.

"எடமில்லேன்னு டிரைவ் பதில் சொல்லுச்சுங்க. மூடுறதுல என்ன தப்பு வரப்போகுதுன்னு அந்தப் பதில நான் கேக்கவே இல்ல. மூடச் சொல்லிட்டு, நான் பாட்டுக்கு ‘முடிந்தது’ன்னு போட்டுட்டேன்." ராசம்மாவின் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா மாதிரி எழுதியிருக்கணும்."

"என்னைய மாதிரியா? நான் கைநாட்டுடி."

"பதில் கேக்காம சாக்க விடமாட்டீங்கல்ல. அதுதான்."

"இத எங்கிட்ட கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேன்," என்றார் ராசம்மா. "தம்பிக்கு எண்பதாயிரம் மிச்சம்."

அன்றே மீதியைக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மாலை வாங்கியவனுக்கு வெட்கம் இருக்காதா. அவள் வாங்கவில்லை.

"பொய் சொல்ற புரோகிராமுக்கு எதுக்குங்க காசு? சரியாக்கிட்டு வாங்கிக்கிறேன்."

"தீவாளிக்கு ஆறே வாரந்தான் இருக்கு. ஒங்கம்மா?"

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

பாறைக்குப் போய்விட்டாள். நான்கு நாளில் புதியதைக் கொண்டுவந்தாள். இப்போது பட்டியலை மூடினால் பதிலுக்குக் காத்திருக்கும். சரி என்று பதில் வந்தால்தான், டிரைவில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, பச்சை. இல்லையென்றால் சிவப்பு, காரணத்தோடு. பட்டியலின் பிரதி ஒன்று கணினியிலும் இருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை, கேள்வி கேட்டேன்.

"எழுதும்போதே தப்பு வந்து, மூடும்போதும் தப்பு வந்தா?"

"நல்லாக் கேட்டீங்க. அப்பவும் மூடத்தான் வேணும். ஆனா மொதல்ல வந்த தப்பத்தான் மொதல்ல சொல்லும். பின்னால வந்தது அத மறைக்கக்கூடாது."

மூன்றாம் வகுப்பு படித்தவன் கேட்ட கேள்வி அது.

சோதனைக்கென்றே டிரைவை வேண்டுமென்று நிரப்பினாள். சிவப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது பிரதாப்பை விட்டுப் பிடுங்கச் சொன்னாள். சிவப்பு. நிரம்பிய டிரைவில் வைத்துப் பிடுங்கவும் சொன்னாள். பிரதாப்புக்கு அது விளையாட்டாகிவிட்டது. உண்மையாகவே அவசரத்தில் ஒருநாள் பிடுங்கியபோது மட்டும் சிவப்பைப் பார்த்துவிட்டு, அவனே திரும்பச் செருகினான்.

அடுத்த சிட்டையில், சுருக்குப்பைத் துண்டுகளைப் பார்த்துத் தொழிற்சாலை விட்டுப்போன கிலோவையெல்லாம் சேர்த்துக் கொடுத்தது. ராசம்மாவின் நாற்பத்தொன்றும் வந்தது. உடப்புசல்லாவையில் என்னைப்போல் கொழுந்து ஏற்றும் இரண்டு பேர் இப்போது அவளிடம் புரோகிராம் கேட்கிறார்கள். சொல்லிவிட்டவன் நான்தான்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். நாகலெட்சுமியும் வந்து வாசலில் நின்றார். சாக்கு நிறுத்துவிட்டுப் போகவேண்டிய ராசம்மா போகாமல் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தனுஷிகா உள்ளங்கையை விரித்தாள். புது ஐயாயிரம் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன்.

"முடிஞ்சுது," என்றேன்.

அவள் கையை மூடவில்லை.

"ஏழு," என்றார் ராசம்மா.

சட்டைப்பையைத் தடவினேன். ஒன்று மடிந்து அங்கேயே கிடந்தது. எடுத்து நீவி, மேலே வைத்தேன்.

"எட்டு. நாப்பதாயிரம்."

"நாப்பதாயிரமுங்களா?"

"ஆமா பிள்ள."

அதற்குப் பிறகுதான் கையை மூடினாள்.