துரைக்கு ஊற்றிய ஜக்கு

எல்கடுவயில் எங்கள் தேயிலை மலைக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை இருக்கிறது. தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிடுவோம். சாராயத்தை அவருடைய சொந்த ஜக்கில்தான் ஊற்ற வேண்டும். கனத்த கண்ணாடி; வாயிலும் கைப்பிடியிலும் கறுத்துப்போன வெள்ளிப்பூண். என் வீட்டுக்காரர்தான் பூசாரி என்பதால் அது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவில் இருந்தது.

உச்சி வெயிலில் துரை என் வீட்டுக்காரர்மேல் இறங்குவார். இறங்கியதும் ஜக்கைப் பிடித்துத் தள்ளுவார். "பத்தலையாம், இன்னும் ஊத்துங்க!" என்று சனம் கத்தும். பிடித்துவைத்துப் புகட்டுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் குடித்த மனுஷன், போகப் போகத் தினமும் குடித்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் குடித்தால் ஆள் தப்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, அந்தத் துரைமேல்.

அடுத்த கவ்வாத்துக்கு முதல் நாள், அந்த ஆத்திரத்திலேயே ஜக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்புக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. மாத்தளையில் இங்கிலீஷ் படிப்பிக்கிற என் மகள் வாசித்தாள்.

"அம்மா, இது துரையோட பொண்டாட்டி குடுத்தது. அவரு குடிய விட்டதுக்கு. இனிமே இதுல பச்சத் தண்ணி குடிங்கன்னு எழுதியிருக்காங்க."

அட பாவிகளா, இத்தனை வருஷமும் அந்தத் துரை வேண்டாம் என்றல்லவா தள்ளியிருக்கிறார்!

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் மலையிலிருந்து வழிகிற பீலித் தண்ணீரை ஜக்கில் நிரப்பிக் கொண்டுபோனேன். துரை இறங்கினார். ஜக்கைத் தள்ளவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, மடக்கு மடக்கென்று முழுவதையும் குடித்தார். மற்ற வருஷங்களில் துரை மலையேறும்போது என் வீட்டுக்காரர் தொப்பென்று விழுவார். அன்று விழவில்லை. ஜக்கை மெதுவாகக் கல்லறைமேல் வைத்துவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்.

அதன்பிறகு சாராயத்தைத் தொடவே இல்லை. உடம்பு தேறிவிட்டது. "குடுத்து வச்சவ நீ" என்கிறார்கள் லயத்தில். முன்பெல்லாம் குடிவெறியிலும் என்னை "ஏய் கறுப்பி" என்றுதான் கூப்பிடுவார். இப்போது கூப்பிடுவதே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் உள்ளே வந்தால் மரியாதையாக எழுந்து நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் தேத்தண்ணி கொடுத்தபோது கேட்டேவிட்டேன். "எங்க என் மனுஷன்?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அவன் வந்தா குடிப்பானே, பரவாயில்லையா?"