கட்டிலடியில் கிடந்த முடி

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் வீட்டுக்குச் செய்வினை வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவின் கட்டிலை நகர்த்திப் பெருக்கிய அம்மா, சுவரோரமாகச் சுருண்டு கிடந்த முடி உருண்டைகளைப் பார்த்துவிட்டாள். நீளமான, கறுத்த முடி. அலமாரிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருந்தது.

“கூடோத்திரமாக்கும்” என்றாள் அம்மா. செய்வினைக்கு அங்கே அதுதான் பெயர்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி பாலக்காட்டிலிருந்து வந்த புதிதில், அவள் பின்னலைப் பற்றித் தெருவே பேசியது. பிறகு எப்போதும் தலையில் துண்டு கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டால் தலைவலி என்பாள். பள்ளுருத்தியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் தலைவலிதான். குழந்தையும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்திருக்கும்.

காரணம் கிடைத்தால் ஆளும் கிடைக்க வேண்டுமே. கீழ்வீட்டுச் சேச்சி மாலையில் சாயாவோடு மேலே வந்து சித்தியிடம் பேசிக்கொண்டிருப்பாள். படுக்கையறை வரை வந்துபோகிற வெளியாள் வேறு யாருமில்லை. அன்று அவள் வந்தபோது அம்மா படியிலேயே மறித்தாள்.

“இனி மேலே வரண்டாம். முடியைக் கொண்டுவந்து வெச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியும்.”

“எந்து முடி?” என்றாள் சேச்சி. அம்மாவின் குரல் உயர்ந்தது. பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. அப்போது சித்தி உள்ளேயிருந்து வந்து துண்டை அவிழ்த்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

“சேச்சியை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. அது என் முடி. நான்தான் பிடுங்கறேன்.”

“எதுக்குடி?”

“தெரியலை. நிறுத்தணும்னுதான் நினைக்கறேன். கை தானாப் போயிடுது.”

“என்டெ மோளே” என்று மட்டும் சொன்னாள் சேச்சி. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. சேச்சியின் கையிலிருந்த சாயாவை வாங்கிக்கொண்டாள்.

பெரியவர்கள் கூடிப் பேசியதில், இது செய்வினையைவிட மோசம் என்று முடிவாயிற்று. செய்வினை என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இதைப் பாலக்காட்டில்கூடச் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா.

எங்களுக்குத் தெரிந்த மருந்து காவல்தான். சித்தியின் கை காதுக்கு மேலே போனால் போதும், “கை!” என்பாள் அம்மா. சித்தப்பாவும் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் சொல்வேன். முதலில் சொன்னவர் ஜெயித்த மாதிரி. சித்தி சட்டென்று கையை மடியில் வைத்துக்கொள்வாள். சில சமயம் சிரிக்கவும் செய்வாள்.

கொஞ்ச நாளில் கை மேலே போவதே நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்றாள் அம்மா. தலைத்துண்டை மட்டும் சித்தி அவிழ்க்கவில்லை. அந்த நாட்களில்தான் சித்தி குளிக்க வெகுநேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டேயிருக்கும். நேரமாகிறது என்று நான் கதவைத் தட்டுவேன். எங்கள் சித்தியைப்போல் சுத்தம் பார்க்கிறவர்கள் யாரும் கிடையாது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.