நிழல் கடிகாரத்துக்குப் பூட்டு

காவல் வேலையில் திருடன் என்றைக்கோ ஒருநாள்தான் வருவான். யோசனை சொல்கிறவர்கள் தினமும் வருவார்கள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிற என் இனத்தாருக்கு இது புரியும்.

எங்கள் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் மிஷன் காலத்துச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. கல்தூண், மேலே பித்தளைத் தட்டு, நடுவில் நிழல் விழுத்தும் முள். வருகிறவர்களுக்குக் காட்டுவது என் வேலை. ஏரல் பக்கம் இப்படி ஒன்று களவு போனதாகச் சேதி வந்ததும் கமிட்டி கூடியது. காவலுக்கு வழி பிறக்காவிட்டால் கடிகாரம் பேங்க் லாக்கருக்கு, நான் வீட்டுக்கு.

பலகை

முதலில் பலகை வைத்தார்கள்: ‘விலைமதிப்பற்ற பழம்பித்தளை. தொடாதீர்.’ அதுவரை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காத பழைய சாமான் அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார். எழுத்துக்கூட்டி வாசித்தார். தட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இத்தன நாளா தகரம்னுல்லா நெனச்சேன், தாயி!”

கூண்டு

பலகை போய் இரும்புக் கூண்டு வந்தது. ராதாபுரத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். முள் நிழலோடு கம்பி நிழலும் கோடுகோடாய் விழுந்து கிடந்தது. ஒரு சிறுமி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, இது எல்லா மணியும் காட்டுது. நாங்க எந்த மணிக்கு பஸ் ஏற?”

பீரோ

கூண்டைப் பிரித்து, முள்ளை மட்டும் கழற்றி பீரோவில் வைத்தார்கள். சாவி கமிட்டிச் செயலாளரிடம். அவரோ சாயங்கால ஜெபத்துக்குத்தான் வருவார். ஆராய்ச்சிக்காக வந்த ஒரு பேராசிரியர் பகல் முழுக்கக் காத்திருந்தார். முள் வந்தபோது சூரியன் போய்விட்டது. எங்கள் வாட்ச்மேன் தாத்தா கொஞ்சமும் கலங்கவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு தூணைச் சுற்றி வந்தார்.

“எத்தன மணி வேணும் சார்? சொல்லுங்க, வச்சுத் தாரேன்.”

அம்மாமார்

லாக்கர் என்றே முடிவாகிவிட்டது. ஒரு வாரம் தவணை கேட்டேன். வெயில் இருக்கும்வரை முள் தூணில், வெயில் தாழ்ந்தால் பீரோவில், சாவி என்னிடம். பிள்ளைகளைக் கூட்டிப்போக, வளாகத்து நர்சரிப் பள்ளி விடும்வரை வாசலில் நிற்கும் எங்கள் அம்மாமார் கூட்டத்தை, கடிகாரத்துக்கு எதிரே வேப்பமரத்தடிக்கு மாற்றினேன்.

சோதித்துப் பார்க்கச் செயலாளர் தன் மச்சினனையே அம்பாசமுத்திரத்திலிருந்து வரவழைத்து, திருடன்போல் உள்ளே அனுப்பினார். அவன் முள்ளில் கை வைத்ததுதான் தாமதம், “ஏலே, யாரு மவன் நீ? எந்த ஊரு? என்ன வேல பாக்க?” என்று அம்மாமாரில் மூத்த எஸ்தரக்கா தொடங்க, மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நர்சரி மணி அடித்த பிறகுதான் விட்டார்கள். வியர்த்து விறுவிறுத்துச் செயலாளரிடம் ஓடினான்.

“அத்தான், லாக்கரெல்லாம் வேண்டாம். முள்ளத் தொட்டதுக்கே எனக்குப் பொண்ணு பாத்துட்டாளுவ!”

பூட்டை உடைக்கிறவன் எந்த ஊரிலும் உண்டு; எங்கள் அம்மாமாரின் கேள்விகளைத் தாண்டிப் போகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.